நஞ்சுக்கு அடங்காத களைகள்

களை என்னுஞ் சொல்லுக்குத் தமிழிற் பல பொருள்கள் உண்டு. முகத்தில் விளங்கும் பொலிவும் களையே. உழைத்தவன் மேனியில் தோன்றும் அயர்வும் களையே. பயிரோடு பயிராய் நின்று பயிருக்கு உரியதை உண்டு கொழுப்பதும் களையே. விழாக் களைகட்டியது என்று இன்று நாம் சொல்லும்போது பொலிவையே கருதுகின்றோம். வள்ளுவர் காலத்திலோ களைகட்டல் என்றால் வயலிற் களை நீக்குதல் என்பதே பொருள். செங்கோன்மை அதிகாரத்தில் அரசன் கொடியோரை ஒறுத்தலுக்கு அவர் உவமையாக எடுத்தது இத்தொழிலையே. உழவு அதிகாரத்திலோ, உழுதலினும் எருவிடுதல் நன்று என்றும், களை நீக்கிய பின்னர் நீர் பாய்ச்சுதலினும் காவல் நன்று என்றும் முறைப்படுத்துகின்றார். களை நீக்கியதோடு வேலை முடிந்ததன்று, அதன் பின்னரே காவல் மிக வேண்டும் என்னும் அம்முறைவைப்பு இக்கட்டுரையில் மீண்டும் நமக்குப் பயன்படும்.

தமிழ் படிப்பிப்பவன் களைக்கொல்லியைப் பற்றி எழுதப் புகுந்ததென்னை என்று சிலர் நகைக்கலாம். இறுப்பிட்டியிலும் அதன் அயற்கிராமங்களிலும் கமஞ் செய்வோர் வாயில் அடிக்கடி எழும் ஒரு வினாவே இதற்குக் காரணம். “போன வருடம் அடித்த மருந்துதான், அளவும் அதேயளவுதான்; புல்லு மட்டும் சாகவில்லை. மருந்து கலப்படமோ?” என்பதே அவ்வினா. சில வேளைகளிற் கலப்படமாகவும் இருக்கலாம். எனினும் உலகெங்கும் இவ்வினாவை எழுப்பிய கமக்காரர் பலர் ஈற்றிற் கண்ட விடை வேறொன்று.

முதலில் நம் நிலத்தின் இயல்பை நோக்குவோம். தீவகத்தில் ஆறில்லை, பெருங்குளமும் இல்லை. வானத்தை நம்பி ஆண்டுக்கு ஒரு போகமே நெல் விளைகின்றது. புரட்டாதி, ஐப்பசியிற் புழுதியில் விதைத்து, வடகீழ்ப் பருவமழைக்குக் காத்திருந்து, தை மாசியில் அறுவடை செய்தல் இங்குள்ள வழக்கம். வன்னியிற் குளத்து நீரை வயலிற் கட்டி நிறுத்திப் புல்லை மூழ்கடிப்பது போல நம்மாற் செய்தல் இயலாது. மழை பெய்தவுடன் நெல்லும் புல்லும் ஒரே நாளில் ஒரே உயரத்தில் முளைத்தெழுகின்றன. முன்னாளில் ஒரு குடும்பத்துப் பெண்களும் பிள்ளைகளும் அயலவருஞ் சேர்ந்து வரிசையாக இருந்து புல்லுப் பிடுங்குவர். 1990, 1991 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வோடு தீவகத்துக் குடிகளிற் பெரும்பாலோர் ஊரை நீங்கினர். மீண்டவர் சிலர், மீண்டவர்களுள்ளும் முதியோரே பலர். நெடுங்காலம் தரிசாய்க் கிடந்த வயலில் அறுகும் கோரையும் வேர்விட்டிருந்தன. பிடுங்குவதற்கோ கைகள் இல்லை. ஒருவர் தோளிற் கொண்டு திரியும் தெளிகருவி பதின்மர் கைவேலையைச் செய்யுமாயின் அதனை வேண்டாம் என்பார் யார்? ஆதலின் களைக்கொல்லியைக் கையாளுவோரைச் சோம்பர் என்று இழித்துரைத்தல் முறையன்று.

இனி, மருந்து ஏன் பொய்க்கின்றது?

புல் மருந்துக்குப் பழகிவிட்டது என்று நாம் சொல்லுகின்றோம். இச்சொல் உண்மையை மறைக்கின்றது. கள்ளுண்பவன் கள்ளுக்குப் பழகுவது போல ஒரு செடி தன் வாழ்நாளில் நஞ்சுக்குப் பழகுவதில்லை. ஒரு வயலில் முளைக்கும் புற்கள் யாவும் ஓரினமேயாயினும் ஒரே தன்மையன அல்ல. பரம்பரையலகுகளிலே தற்செயலாக நிகழும் மாற்றங்களாற் பல இலட்சம் செடிகளுள் ஒன்று, நாம் தெளிக்கும் நஞ்சைத் தாங்கும் ஆற்றலோடு பிறந்திருக்கலாம். நஞ்சு தெளிப்பதற்கு முன் அவ்வாற்றலால் அதற்கு யாதொரு பயனுமில்லை. தெளித்த அன்றோ அதனைச் சூழ நின்ற போட்டியாளர் அனைவரும் மடிகின்றனர். நிலமும் நீரும் வெயிலும் அதற்கே உரிமையாகின்றன. நஞ்சு அச்செடியை ஆக்கவில்லை, தெரிந்தெடுத்தது. டார்வின் கூறிய இயற்கைத் தேர்வு என்னும் நியதியே நம் வயலில் நம் கையாலேயே நடைபெறுகின்றது.

கணக்காகச் சொன்னால் இஃது எளிதில் விளங்கும். முதலாம் போகத்தில் ஒரே ஒரு செடி பிழைத்தது எனக் கொள்வோம். அஃது உதிர்த்த நூற்றுக்கணக்கான விதைகளுள் இருபது மாத்திரமே அடுத்த போகத்திற் செடியாகி முற்றின என்போம். அதே மருந்தை மீண்டும் தெளித்தால் இரண்டாம் போகத்தில் இருபது. மூன்றாம் போகத்தில் நானூறு. நான்காம் போகத்தில் எண்ணாயிரம். ஐந்தாம் போகத்தில் ஓரிலட்சத்து அறுபதினாயிரம். வயலின் மூலையில் இருபது புற்கள் நிற்பதைக் கமக்காரர் எவரும் பொருட்படுத்தார். மருந்து படாது தப்பியவை என்றே எண்ணுவர். எண்ணாயிரம் நிற்கும்போது மருந்துக்கடைக்காரரோடு சண்டைக்குப் போவர். சண்டைக்குரிய ஆண்டு உண்மையில் இரண்டாம் ஆண்டேயாகும். அன்று சண்டையும் வேண்டா, அரைமணி நேரம் குனிந்து நிமிர்ந்தாற் போதும்.

இவ்வாறு நேரும் என்பதை அறிஞர் முன்னரே உணர்ந்திருந்தனர். 2,4-டீ முதலான களைக்கொல்லிகள் பரவிய சில ஆண்டுகளிலேயே, 1956 இல், ஜோன் ஹாப்பர் என்னும் ஆங்கிலேயத் தாவரவியலாளர் களைகள் இம்மருந்துகளை எதிர்த்து நிற்கும் வகையிற் கூர்ப்படையக்கூடும் என எழுதினார். அடுத்த ஆண்டே கனடாவின் ஒன்ராறியோவிற் காட்டுக் கரற்றுச் செடியில் அத்தகைய எதிர்ப்புத் தென்பட்டது. 1968 இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து நாற்றுமேடை ஒன்றில், ஆண்டுதோறும் தெளிக்கப்பட்ட சிமசீன் என்னும் மருந்துக்கு ஒரு சிறு களை அடங்காது நின்றது. ஆயினும் அக்காலத்திற் புதிய மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தமையால் இவ்வெச்சரிக்கைகளை யாரும் பெரிதாக எண்ணவில்லை.

எண்ணச் செய்தது சோயா அவரை. சோயா நம் தீவுகளின் பயிரன்று. அனுராதபுரப் பகுதியில் அதனைப் பயிரிடுகின்றனர். எனினும் சோயா மீற் என்ற பெயரில் நம் ஊர்க் கடைகளிற் பொதிகளாகத் தொங்குவதால் எல்லார்க்கும் அறிமுகமானதே. அமெரிக்க நாட்டிற் பரந்த நிலங்களில் அது விளைகின்றது. 1970 இல் ஜோன் பிரான்ஸ் என்னும் இரசாயனவியலாளர் கிளைபோசேற்று என்னும் பொருளின் களைகொல்லும் ஆற்றலைக் கண்டார். 1974 இல் அது றவுண்டப் என்னும் பெயரிற் சந்தைக்கு வந்தது. தாவரங்கள் மூவகை அமினோ அமிலங்களை ஆக்குதற்கு இன்றியமையாத ஒரு நொதியத்தை அது தடுக்கின்றது. உணவிருந்தும் உடலைக் கட்ட முடியாமற் செடி சில நாட்களில் வாடி மடியும். புல்லென்றும் பூண்டென்றும் பயிரென்றும் அது பேதம் பார்ப்பதில்லை. ஆதலின் முன்னர் விதைப்புக்கு முன்பே அதனைத் தெளிப்பர். 1996 இல் நிலைமை மாறிற்று. அந்நஞ்சால் தடைப்படாத நொதியத்தையுடைய ஒரு மண் பற்றீரியாவின் பரம்பரையலகைச் சோயாவினுட் புகுத்தி, மருந்துக்கு மடியாத சோயாவை விற்கத் தொடங்கினர். பயிரின் தலைமீதே மருந்தைத் தெளிக்கலாம். களை யாவும் மடியும். சோயா மட்டும் நிற்கும். உழவு வேண்டா, இடைக்கொத்து வேண்டா, வேறு மருந்தும் வேண்டா. கமக்காரர் இதனிலும் எளிய வழியைக் கண்டதில்லை. பல கோடி ஏக்கரில், ஆண்டுதோறும், அதே ஒரு நஞ்சு.

மேலே கூறிய கணக்கு அங்கே தன் வேலையைக் காட்டிற்று. 2000 ஆம் ஆண்டில் டெலவேர் மாநிலத்துச் சோயா வயல்களில் ஒரு பூண்டு கிளைபோசேற்றுக்கு அடங்காது நின்றது. சில ஆண்டுகளில் ஜோர்ஜியாப் பருத்தி வயல்களிற் பாமர் என்பவர் பெயரால் வழங்கும் அமராந்தஸ் இனம் தலையெடுத்தது. நம் வீட்டுக் கோடியில் முளைக்கும் முளைக்கீரைக்கும் முட்கீரைக்கும் அது நெருங்கிய உறவு. பெயர்தான் பாமர், செயலிற் பாமரமில்லை. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தம் காற்றிற் பறந்து எதிர்ப்பாற்றலை அயல் வயலுக்கும் கொண்டு செல்லும். ஒரு பெண் செடி சில இலட்சம் விதைகளை உதிர்க்கும். அஃது எவ்வாறு நஞ்சை வென்றது என்பதை 2010 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நஞ்சு தடுக்கும் அந்நொதியத்துக்குரிய பரம்பரையலகைச் சில செடிகள் நூற்றுக்கும் மேற்பட்ட பிரதிகளாகப் பெருக்கி வைத்திருந்தன. வாயிலை அடைக்கப் பகைவன் ஒரு கதவுக்குரிய பூட்டோடு வந்தான். வீட்டுக்கோ நூறு வாயில்கள். நிலத்தை உழுதறியாத புதிய தலைமுறைக் கமக்காரர், கூலியாட்களை அமர்த்திக் கையில் மண்வெட்டி கொடுத்து, ஏக்கர் ஏக்கராகக் களை கொத்துவிக்கும் நிலைக்கு வந்தனர். உலகிலே மிகப் பெரிய இயந்திரங்களையுடைய கமக்காரருக்கு ஈற்றிற் கைகொடுத்தது, நம் ஆச்சிமார் செய்த வேலையே.

வேறு மருந்தொன்றுக்கும் அடங்காத சோயாவை ஆக்கினால் என்ன என்று அங்குள்ளோர் முயன்றனர். டைகம்பா என்னும் மருந்தைத் தாங்கும் சோயா இவ்வாறு வந்ததே. 2017 இல் அம்மருந்து ஆவியாகிக் காற்றோடு சென்று, அதனைத் தாங்காத அயலவர் சோயாவைப் பெரும்பரப்பிற் சுருட்டியது, வழக்குகள் எழுந்தன. பாமர் கீரையுட் சில வகை அம்மருந்துக்கும் அடங்காதனவாகிவிட்டன. இதனை நான் மருந்துக்கும் களைக்கும் நடக்கும் ஓட்டப்பந்தயம் என்று கூறேன். பந்தயத்தில் இரு சாராரும் ஓடுவர். இங்கே 1980 களின் பின்னர் முற்றிலும் புதிய வழியிற் கொல்லும் மருந்துகள் மிக அரியனவாகவே வந்துள்ளன. களைகளோ ஓட்டத்தை நிறுத்தவில்லை.

இவையெல்லாம் பிறநாட்டுக் கதை என்று தள்ளிவிட இயலாது. நம் நாட்டு நெல்வயலில் இதனினும் வியப்பான ஒன்று நடந்துள்ளது. நெற்சப்பி எனவும் குதிரைவாலிப்புல் எனவும் கூறப்படும் களையைக் கமக்காரர் அறிவர். இளமையில் அதனை நெல்லினின்றும் பிரித்தறிதல் பழகிய கண்ணுக்கே இயலும். இலையின் அடியில் நெல்லுக்கு உள்ள சிறு நாக்குப் போன்ற சவ்வு அதற்கு இல்லை என்பதே அடையாளம். 1960 களிலிருந்து உலகெங்கும் நெல்வயல்களிற் புரோப்பனில் என்னும் மருந்து பரவிற்று. நெல்லின் இலையில் உள்ள ஒரு நொதியம் புரோப்பனிலை உடைத்து நஞ்சற்றதாக்கிவிடும். நெற்சப்பியில் அந்நொதியம் மிகச் சிறிதே. ஆதலின் ஒரே தெளிப்பில் நெல் பிழைக்கும், புல் மடியும். பல ஆண்டுகள் இவ்வாறு சென்றபின், 1990 களில் அமெரிக்காவின் ஆர்க்கன்சோவிலும், அதனை அடுத்து இலங்கையிலும், புரோப்பனிலுக்கு மடியாத நெற்சப்பி அறியப்பட்டது. அமெரிக்க ஆய்வாளர் அதனுட் கண்டது யாது? நெல்லிடம் இருந்த அதே நொதியம் அதனிடமும் மிகுந்திருந்தது. உருவத்தில் நெல்லாய் நடித்த களை, இப்போது நெல்லின் மாற்று மருந்தையும் தன்னுடையதாக்கிக்கொண்டது. வேடத்தோடு நில்லாது குணத்தையுங் கற்ற கூத்தன் போலும்! புரோப்பனில் பின்னர் வேறு காரணங்களுக்காக இலங்கையிற் பாவனையினின்றும் நீக்கப்பட்டது. ஆயினும் அதன் வரலாறு பிற மருந்துகளுக்கும் பொருந்தும்.

இந்தியாவின் ஹரியானாவிற் கோதுமைக்கு நேர்ந்ததும் இத்தகையதே. அங்கே குல்லி டண்டா எனப்படும் புல், ஐசோபுரோத்தூரோன் என்னும் ஒரே மருந்தை ஆண்டுதோறும் பெற்று, 1990 களின் தொடக்கத்தில் அதனைப் பொருட்படுத்தாததாயிற்று. கதிர் வருமுன்னரே கோதுமையை மாட்டுத் தீனியாக அறுத்தெறிந்தோரும் உளர். மருந்தை மாற்றியதோடு அமையாது, நிலத்தைப் புரட்டாமலே நெல் அறுத்த தாளின் இடையிற் கோதுமையை விதைக்கும் முறையை அங்குள்ளோர் கைக்கொண்டனர். மண்ணைப் புரட்டாமையால் ஆழத்திற் கிடந்த புல்விதை மேலே வரவில்லை, புல்லும் குறைந்தது. உழாமை அமெரிக்காவிற் களையை வளர்த்தது. ஹரியானாவிற் களையைக் குறைத்தது. எந்த உத்தியும் எங்கும் மருந்தாகாது என்பதற்கு இதுவே சான்று.

இலங்கை அரசு கிளைபோசேற்றை 2015 இல் தடைசெய்ததும், 2018 இல் தேயிலை, றப்பர்த் தோட்டங்களுக்கு மாத்திரம் தளர்த்தியதும், 2021 இல் விவசாய இரசாயனங்கள் பலவற்றையும் ஒருங்கே தடுத்ததும், பின்னர் அத்தடைகள் நீங்கியதும் யாவரும் அறிந்ததே. சிறுநீரக நோயைப் பற்றிய அச்சமே முதலில் இத்தடைக்குக் காரணமாயிற்று. அவ்வழக்கின் நியாயம் வேறு. களைகளின் பக்கத்தினின்று பார்த்தால் ஒன்று சொல்லலாம். கையிலுள்ள மருந்துகளுள் ஒன்றைப் பறித்தால் எஞ்சியவற்றின்மீது சுமை ஏறும். எஞ்சியது ஒன்றேயாயின் அதுவும் விரைவிற் பழுதாகும். பரகுவாற் என்னுங் கொடிய மருந்தை 2008 முதல் படிப்படியாக நீக்கியது இதற்குப் புறம்பானது. அதனைக் குடித்து மாண்ட உயிர்கள் பல; அதனை நீக்கியமை நன்றே.

நம் ஊருக்கு வருவோம். மருந்து பொய்த்த எல்லா இடத்திலும் எதிர்ப்பாற்றல் உண்டு என எண்ணிவிடலாகாது. நம் கிணற்று நீர் சுண்ணக்கல்லில் ஊறிய வன்னீர். அந்நீரில் உள்ள கல்சியம் கிளைபோசேற்றைப் பிணித்து அதன் வலியைக் குறைக்கும்; கலங்கல் நீரும் அவ்வாறே செய்யும். மழைநீரைச் சேமித்து மருந்து கரைத்தால் வேறுபாடு தெரியும். தெளித்த சில மணி நேரத்துள் மழை பெய்தாலும், புல் முற்றிய பின் தெளித்தாலும் மருந்து பொய்க்கும். கோரை மீண்டும் முளைப்பது மண்ணினுட் கிழங்கு இருப்பதனால். அறுகும் தண்டிலிருந்து தழைக்கும். இவை எதிர்ப்பாகா. பல இனக் களைகளும் ஒருங்கே ஓரிடத்திற் பிழைத்திருந்தால் தெளித்ததிற் குறை. ஏனையவை யாவும் மடிய, ஓரினம் மாத்திரம், அதுவும் மடிந்த தன் இனத்தின் அருகிலேயே பச்சையாய் நின்றால், அதுவே நாம் அஞ்ச வேண்டிய அடையாளம்.

அவ்வடையாளம் கண்டோர் மருந்தின் அளவைக் கூட்டுவதே வழமை. அது வீண். மருந்தின் பெயரை மாற்றுவதும் போதாது. பெயர் வேறாயினும் கொல்லும் வழி ஒன்றாகவே இருக்கலாம். கடையில் வேறு நிறப் போத்தல் வாங்கி வந்து அதே நஞ்சை மீண்டுந் தெளித்தவர் பலர். எவ்வகையைச் சேர்ந்த மருந்து என்பதை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து, அடுத்த போகத்துக்கு வேறு வழியிற் கொல்லுவதைத் தேர்தல் வேண்டும். அளவைக் குறைத்துத் தெளித்தலும் தீங்கே. சிறிது தாங்கும் செடிகள் பிழைத்துத் தம்முட் கலந்து, பெரிதும் தாங்கும் வழித்தோன்றல்களைத் தரும் என்பதை அவுஸ்திரேலியர் றைப்புல்லிற் கண்டனர்.

மருந்தில்லா வழிகளுள் நம் நிலத்துக்கு ஏற்றவை சில உண்டு. முதல் மழைக்கு முளைக்கும் புல்லை முளைக்கவிட்டு, மேலோட்டமாக ஓர் உழவால் அழித்துப் பின் விதைத்தல் மிகுந்த பயன் தரும். ஆயினும் மானாவாரி நிலத்தில் இதற்கு ஒரு விலை உண்டு. இரண்டு கிழமை காத்திருந்தவன் பின்னர் மழை தவறினாற் போகத்தையே இழக்கக்கூடும். ஆதலின் முழு வயலிலும் செய்யாது, களை மிகுந்த துண்டில் மாத்திரம் செய்தல் தகும். விதைநெல்லை உப்புநீரிலிட்டு மிதப்பவற்றை நீக்கிக் கழுவி விதைத்தால், பதரோடு களைவிதையும் பெரிதும் நீங்கும். வீசி விதைப்பதினும் வரிசையில் விதைத்தால் இடையிற் கொத்தலாம். நெல் அறுத்தபின் ஈரம் உள்ள நிலத்திற் பயறோ எள்ளோ இட்டால், நெல்லோடு பழகிய களைகளுக்கு ஓராண்டின் ஒழுங்கு குலையும்.

வெளியிலிருந்து வரும் அறுவடை இயந்திரம் ஓரிடத்துக் களைவிதையை இன்னோரிடத்துக்குச் சுமந்து வருவதை நாம் நினைப்பதேயில்லை. கிழக்கிலங்கை வயல்களைப் பல ஆண்டுகளாக வருத்தும் களைநெல், விதைநெல்லோடும் இத்தகைய இயந்திரங்களோடும் பரவுகின்றது. அதுவும் நெல்லேயாதலின், நெல்லை விட்டு அதனை மாத்திரம் கொல்லும் மருந்து கிடைப்பது அரிது. வயலில் இறக்குமுன் இயந்திரத்தின் உள்ளிடங்களைத் தட்டித் துடைப்பிப்பதற்கு அரைமணி நேரமே வேண்டும். மேலை அவுஸ்திரேலியாவில் றே ஹரிங்டன் என்னுங் கமக்காரர், அறுவடையின்போதே களைவிதைகளை அரைத்து நொறுக்கும் பொறியொன்றை ஆக்கினார். களையைக் கொல்லத் தவறினாலும் அதன் விதையை நிலத்தில் விழவிடாதே என்பதே அவர் கண்ட உபாயம். ஒரு போகத்து விதையைத் தடுத்தல் பல போகத்து மருந்துக்குச் சமம்.

அப்பொறி நமக்கு வேண்டா. நம் துண்டுகள் சிறியன. இங்கேதான் வள்ளுவர் களை நீக்கியபின் வைத்த காவல் பொருள்படுகின்றது. மருந்து தெளித்து இரண்டு மூன்று கிழமைகளின் பின் ஒருவர் வரப்போடு நடந்து, பச்சையாய் நிற்பவற்றைக் கதிர் வருமுன் வேரோடு பிடுங்கினால், மேற்சொன்ன கணக்கு முதலாம் வரியிலேயே நின்றுவிடும். கனடாவிலும் இலண்டனிலும் இருந்துகொண்டு ஊர்க்காணியை விதைப்பிக்கும் நம் பழைய மாணவர் பலர் உழவு இயந்திரத்துக்கும் மருந்துக்கும் பசளைக்கும் தவறாது பணம் அனுப்புகின்றனர். அதனோடு மார்கழியில் இரண்டு நாட்கூலியும் சேர்த்து அனுப்பினால், அப்பணம் மருந்துக்கு அனுப்பும் பணத்தைப் பல ஆண்டுகளுக்குக் காக்கும். ஊரில் வேலையின்றி இருக்கும் பெண்களுக்கும் அது கூலியாகும்.

பிடுங்கியதை வரப்பில் எறியும் வழக்கம் ஒன்று நம்மிடம் உண்டு. கதிர் வாங்கிய புல்லாயின் அஃது அங்கேயே முற்றி உதிரும். மாட்டுக்குப் போட்டாலும் விதையுட் சில குடலிற் சாகாமற் சாணத்தோடு வெளிவந்து, எருவாக அதே வயலுக்கே திரும்பும். கதிருள்ளதைச் சாக்கிலிட்டுக் கொண்டுவந்து வெயிலிற் காயவிட்டு எரித்துவிடுக; கதிரில்லாததை மாட்டுக்குப் போடலாம்.